பதினோரு பேர்

மோராக் கின்னியர்
முப்பத்தோரு வருஷம் பன்மையில் எழுதினாள்.
டண்டீ நகரத்து மாலைப் பத்திரிகை,
பதினாலாம் பக்கம்,
மேலே ஆற்றில் நீர் ஏறி இறங்கும் நேரம்,
பக்கத்தில் பழைய கம்பள விளம்பரம்,
நடுவில் அவள்:

"இரண்டாம் அங்கத்தில் நம் பொறுமை விடைபெற்றது."
"இந்த நடிகரிடம் நாம் இதைவிட எதிர்பார்த்தோம்."
"இருக்கையில் நெளிந்தோம்."

நெளிந்தது ஒருத்திதான்.
ஆறாம் வரிசை, ஓரத்து நாற்காலி,
வாயில் இருமல் மிட்டாய்.
அடுத்த நாற்காலியில் நனைந்த மேலங்கி.
ஒருவேளை
அதையும் சேர்த்துக்கொண்டாளோ என்னவோ.

முதல் விமர்சனத்தில் "நான்" என்றுதான் எழுதினாள்.
இருபத்திரண்டு வயது.
துணையாசிரியர் லாக்லன் பெயர்ட்
நீலப் பென்சிலால் அதை அடித்தார்.
"நான் என்றால் உன் கருத்து, பெண்ணே.
நாம் என்றால் பத்திரிகை."
அன்று போனது.
பெயர்ட் செத்த பிறகும் திரும்பி வரவில்லை.

பிறகு ஒரு ஜனவரியில்
அடுப்போடு தொண்ணூறு நிமிஷம் பேசும்
திமிங்கல வேட்டைக்காரனின் விதவை பற்றி ஒரு நாடகம்.
மோராக் எழுதினாள்:
"கடைசியில் அடுப்பு அணைந்தபோது
நாம் அனைவரும் பெருமூச்சு விட்டோம், நிம்மதியாக."

நாலாம் நாள் கடிதம் வந்தது.
விதவையாக நடித்த ஐலா பெட்ரி எழுதியிருந்தாள்.

"அன்று பதினோரு பேர்.
விளக்கு மாறும்போது மேடையிலிருந்து எண்ணுவேன்,
கெட்ட பழக்கம்.
இரண்டு பேர் பனிமழைக்கு ஒதுங்கியவர்கள்.
விளக்குப் போடுகிறவனின் அப்பாவுக்குக் காது கேட்காது,
மகனின் விளக்கைப் பார்க்க வந்தார்.
என் அக்கா புருஷன், அவர் தங்கைகள் மூவர்,
விடுங்கள், அவர்கள் அழுவார்கள், எதற்கும்.
கையுறை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டுக்காரர்.
இரவு வேலைக்குப் போகும் வழியில் வந்த செவிலி ஒருத்தி.
ஒருவர் தூங்கிவிட்டார். மறுக்கவில்லை.
அவரை உங்களுக்கே தருகிறேன்.
அவரும் நீங்களும் இரண்டு பேர்.
பன்மைக்கு அது போதும், இலக்கணப் பிழை இல்லை.
ஆனால் 'அனைவரும்'?"

இந்த இடத்தில்
தமிழில் எழுதும் என் கை நிற்கிறது.
அவர்கள் மொழியில் அது ஒரே சொல்,
யாரையும் ஏற்றும், யாரையும் இறக்கும்.
நான் மோராக்கின் வரியை எப்படிச் சொல்வது?
நாங்கள் என்றால்
பதினோரு பேர் ஒரு பக்கம், ஐலா மறுபக்கம்,
நடுவே ஓர் அடுப்பு.
நாம் என்றால் ஐலாவும் உள்ளே:
தன் தோல்விக்குத் தானே பெருமூச்சு விட்டவளாய்.
கூடவே அந்த மாலை தேநீரோடு பக்கம் புரட்டியவனும்,
பார்க்காத நாடகத்தில் சலித்துப்போனவனாய்.
மேலே "நாம்" என்றே போட்டுவிட்டேன்.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.
அது பழகிய கை.

கடிதத்தை மோராக் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.
பதில் போடவில்லை.
அடுத்த வாரம் ஒரு நகைச்சுவை நாடகம். எழுதினாள்:
"நான் சிரித்தேன். ஒரு முறை.
கதவு தானாகத் திறந்தபோது.
அது நாடகத்தில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை."
அதற்கு மேல் வரவில்லை.
மிச்ச இடத்துக்குக் கம்பளம் விரிந்தது.

மறுநாள் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு:
"வழக்கமாக எழுதுகிறவர் விடுப்பில் இருக்கிறாரா?"

ஐலா அந்தக் கடிதத்தில்
கையெழுத்துக்குக் கீழே, வேறு மையில்,
ஒரு வரி சேர்த்திருந்தாள்.
நாடகம் முடிந்ததும் அந்தச் செவிலி வாசலில் நின்று
கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து போனது என்று கேட்டாளாம்.
சொன்னதும் தலையசைத்துவிட்டுப்
பேருந்தைப் பிடிக்க ஓடினாளாம்.

அவள் பெருமூச்சு விட்டாளா என்பதை
இன்றுவரை யாரும் எழுதவில்லை,
எந்த எண்ணிலும்.